பலெர்மோவில் மீனுக்குத் தண்ணி ஆத்திய கதை

இரண்டு யன்னல் சீலை, ஒரு பிரஷர் குக்கர், ஒரு சுவர்க்கடிகாரம். நோர்வேயிலிருந்து பலெர்மோவுக்கு நான் கொண்டுபோன சாமான் இவ்வளவுதான். இடத்தை மிச்சம்பிடிக்கக் கடிகாரத்தைக் குக்கருக்குள் வைத்து மூடியிருந்தேன். பற்றறியைக் கழற்ற மறந்துபோனேன். விமான நிலையத்தில் சுங்க உத்தியோகத்தர் பெட்டியைத் திறந்து, குக்கரில் காதை வைத்துக் கேட்டார். பிறகு மெதுவாகப் பின்னுக்குப் போனார்.

எனக்கு இத்தாலி மொழி தெரியாது. இது சமைக்கிற பாத்திரம் என்று விளங்கப்படுத்த, கொதி வந்தால் எப்படிச் சத்தம் போடும் என்று வாயால் விசிலடித்துக் காட்டினேன். அது நிலைமையை மோசமாக்கியது. ஒரு மணித்தியாலம் கழித்து, நான்கு பேர் சூழ நின்று மூடியைத் திறந்தபோது கடிகாரம் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் அதைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்.

பயணம் என்னுடைய யோசனை அல்ல, மனைவியின் உத்தரவு. அவளுடைய தம்பி தவம் ஆறு வருசமாகப் பலெர்மோவில் இருக்கிறான். கொழும்புக்குப் போய் மாலதியைக் கலியாணம் முடித்து, மூன்று கிழமையில் திரும்பி வந்துவிட்டான். மாலதி இரண்டு வருசமாக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் காத்திருக்கிறாள். அவளைக் கூப்பிடுவதென்றால், முதலில் ஒரு உத்தியோகத்தர் தவத்தின் வீட்டுக்கு வந்து, அறை, குசினி, குளியலறை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும். அவர் எழுதினால்தான் மிச்ச அலுவல் நகரும். அந்தப் பார்வை வெள்ளிக்கிழமை. "தனி ஆம்பிளை இருக்கிற வீடு மாட்டுக்கொட்டில் மாதிரித்தான் இருக்கும். போய் வீடாக்கிப்போட்டு வாங்கோ" என்று மனைவி சொன்னாள். வீடாக்குகிற வேலைக்கு அவள் என்னைத் தெரிந்தெடுத்ததை நினைத்தால் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது விளங்கும்.

வீடு கால்சா என்ற பழைய நகரப் பகுதியில், நாலாம் மாடி. ஒரு பக்கத்தில் புதுப் பூச்சுப் பூசிய பழைய மாளிகை. மற்றப் பக்கத்தில், கொடியில் காய்கிற உடுப்புத்தான் சுவரைத் தாங்கி நிற்கிறதோ என்று சந்தேகப்படவைக்கிற ஒரு கட்டடம். அதற்குள்தான் நாங்கள். படி ஏறி மேலே வந்து மூச்சு வாங்கினேன். தவம் தேத்தண்ணி தந்துவிட்டு, யன்னலைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், வெள்ளிக்கிழமை விசயம் இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் வாய் திறக்கக் கூடாது."

காரணம் கண்ணூறு. போன வருசம் மாலதி வரப்போகிறாள் என்று கோயில் திருவிழாவில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறான். அடுத்த கிழமை கொழும்பில் ஒரு பத்திரம் காணாமல்போய், எல்லாம் முதலில் இருந்து தொடங்கவேண்டி வந்தது. ஆகவே இந்தத் தரம் மாலதிக்குக்கூட நாள் தெரியாது. முடிந்த பிறகு சொல்வதுதான் காரியம், முடிய முதல் சொல்வது கண்ணூறு. இது என் மாமியார் வீட்டுச் சட்டம். என் கலியாணமே தாலி கட்டி முடிந்த பிறகுதான் எனக்கு உறுதியாகத் தெரியவந்தது.

அன்று பின்னேரம் தவத்தின் முதலாளி வந்தார். எழுபது வயது, மெல்லிய தேகம், வைக்கோல் தொப்பி. மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை டொட்டோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிடுகிறார்கள். தவம் அவர் வீட்டில் சமையல், துடைப்பு, தோய்ப்பு எல்லாம் பார்க்கிறான். நாங்கள் இருந்த வீடும் அவருடையதுதான். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை. இத்தாலியில் நீளமாக ஏதோ சொன்னார். தவம் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான்.

"அத்தான் நோர்வேயிலை மீன் நிபுணர் எண்டு நான் சொல்லியிருந்தனான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது வடநோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில். துண்டுபோட்ட மீன் ஓடுகிற ரப்பர் வாரில் வரும். நான் அதைப் பெட்டியில் அடுக்குவேன். பன்னிரண்டு வருசத்தில் தலையுள்ள மீன் ஒன்றை நான் அங்கே கண்டதில்லை. அதன் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் ஊகித்துத்தான் சொல்லவேண்டும்.

டொட்டோரேக்கு வந்திருந்த பிரச்சினை இதுதான். ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீன்பிடி ஊரின் கரையோரம் ஒரு பெரிய லெச்சா திரிகிறது. லெச்சா என்பது எங்கள் பாரை மீனுக்கு அண்ணன் முறை, உயிர் மீனைத்தான் துரத்திப் பிடித்துத் தின்னும். அங்கேயுள்ள தூண்டில்காரர் எல்லாரும் துறைமுகத்தில் பிடித்த மணலை மீனை உயிரோடு கொளுவிப் போடுகிறார்கள். இந்த லெச்சா அதையெல்லாம் பார்த்துச் சலித்துவிட்டது. இரண்டு வைகாசியாக டொட்டோரேயின் மணலையையும் மணந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: அது தன் சீவியத்தில் காணாத சாப்பாட்டைக் காட்டவேண்டும். மலைக்குள்ளே ஊற்றுத் தண்ணியில் பண்ணை வைத்து ட்ரவுட் வளர்க்கிறார்கள். அதை உயிரோடு கொண்டுவந்து கடலில் விடுவது. நோர்வேக்காரர் வந்திருப்பதால் நாளைக்கே போகலாம்.

எங்கே வைத்திருப்பது என்று தவம் கேட்டான். தன் வீட்டில் முடியாது, மனைவி சினியோராவுக்குத் தெரியவே கூடாது என்றார் டொட்டோரே. பிறகு எழும்பிப் போய் எங்கள் குளியலறைக் கதவைத் திறந்து, தொட்டியைப் பார்த்து, மருமகனைக் கண்ட மாமனார் மாதிரிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை என்ற சொல் தவத்தின் தொண்டைவரைக்கும் வந்ததை நான் கண்டேன். வந்த வழியே திரும்பிப் போனது.

*

வியாழன் காலை டொட்டோரேயின் சின்னக் காரில் புறப்பட்டோம். நோர்வேயில் சாரதி கதைக்கமாட்டான். இங்கே சாரதி கதைக்கிறார், கதைப்பதற்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங்கை முழங்கால் பார்த்துக்கொண்டது. வழியில் ஒரு கடையில் கடலைமாவைக் களியாக்கி, துண்டுபோட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். எங்கள் கடலை வடை கடல் கடந்து வந்து, உள்ளியையும் மிளகாயையும் துறந்து சந்நியாசம் வாங்கியதுபோல ஒரு ருசி. மூன்று சாப்பிட்டேன்.

பண்ணையில் சீமெந்துத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் வலையோடு வந்தாள். அவளுடைய நிழல் தண்ணியில் விழுந்ததுதான் தாமதம், நூற்றுக்கணக்கான ட்ரவுட் அந்த நிழலுக்குள் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. வேறு மீன் என்றால் நிழலைக் கண்டு ஓடும். "இதுகள் பிறந்ததிலிருந்து ஒன்றுக்கும் பயந்ததில்லை. நிழல் வந்தால் சாப்பாடு வரும். அவ்வளவுதான் தெரியும்" என்று அவள் சொன்னதாகத் தவம் சொன்னான். இவைகளில் எட்டை எடுத்துக்கொண்டு, உலகத்திலேயே பயப்படவேண்டிய ஒன்றிடம் கூட்டிப்போகப்போகிறோம் என்று நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நிபுணருக்கு ஒரு மாதிரி இருக்கக்கூடாது என்பதால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பின்சீற்றில் மீன் பீப்பா, அதைக் கட்டிப்பிடித்தபடி நான். பற்றறியில் ஓடுகிற சின்னப் பம்பி ஒன்று குழாய் வழியாகத் தண்ணிக்குள் காற்று ஊதிக்கொண்டிருந்தது. முதலாவது வளைவில் பீப்பாவிலிருந்து ஒரு படி தண்ணி என் மடிக்கு வந்தது. இரண்டாவது வளைவில் ஒரு மீன் வந்தது. அது என் காலுக்குக் கீழே போய், பிரேக்கடியில் சிக்கி, அங்கேயே சீவனை விட்டது. மூன்றாவது வளைவில் குழாய் பம்பியிலிருந்து கழன்று விழுந்தது. திரும்பக் கொளுவத் தெரியவில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. வேறு வழி தெரியாமல் குழாயின் மற்ற முனையை என் வாயில் வைத்து ஊதத் தொடங்கினேன்.

ஒரு மணித்தியாலம் ஊதினேன். டொட்டோரே கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத் தவத்திடம் ஏதோ கேட்டார். தவம் ஒரு சொல்லில் பதில் சொன்னான். அவர் மரியாதையோடு வேகத்தைக் குறைத்தார்.

என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "நோர்வே முறை எண்டன்" என்றான்.

ஏழு ட்ரவுட்டும் தொட்டிக்குள் போயின. டொட்டோரே மருந்துக்கடைக்காரர் அல்லவா, குழாய்த் தண்ணியின் குளோரினை முறிக்க ஏதோ பளிங்குத் தூள் போட்டார். தண்ணி குளிராக இருக்க மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கிப் போடச் சொன்னார். சனிக்கிழமை காலை கடலுக்கு, அதுவரை உயிரோடு வைத்திருப்பது நிபுணரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, எங்கேயும் வாய் திறக்கவேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிப் போனார். அந்த வீட்டில் உதட்டில் விரல் வைக்காதது அந்த ஏழு மீனும்தான்.

செத்த எட்டாவது மீனைக் கீழ்மாடி அந்தோனியண்ணை குழம்பு வைத்தார். மன்னார்க்காரர், கடல் தொழில் குடும்பம். இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு வயதான இத்தாலி அம்மாவைப் பார்க்கிற வேலை. காலை பத்திலிருந்து பின்னேரம் நாலு வரை அவருக்கு ஓய்வு, ஞாயிறு முழுக்க ஓய்வு. ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"இது மீன் இல்லைத் தம்பி. நனைஞ்ச பாண்."

*

வெள்ளி காலை எட்டு மணிக்கு நான் யன்னல் சீலை இரண்டையும் தொங்கவிட்டேன். ஒன்று அறை யன்னலுக்கு. மற்றதைக் குளியலறைத் தொட்டிக்கு முன்னால் கட்டினேன். வருகிறவர் எட்டிப் பார்த்தால் சீலையைத்தான் காண்பார், அதற்குப் பின்னால் என்ன என்று கேட்கமாட்டார் என்பது என் திட்டம். கட்டிவிட்டு அழகு பார்க்கப் பின்னுக்கு வந்தபோது, முழங்கை பட்டுப் பம்பி தண்ணிக்குள் விழுந்தது. இரண்டு கொப்பளம் விட்டது. பிறகு அதுவும் மீனோடு மீனாகக் கிடந்தது.

உத்தியோகத்தர் வருவது பதினொரு மணிக்கு. தவம் தொட்டி விளிம்பில் குந்திவிட்டான். டொட்டோரேயின் மீன் செத்தாலும் ஆபத்து, மீன் இருக்கத்தக்கதாக உத்தியோகத்தர் வந்தாலும் ஆபத்து. டொட்டோரேயிடம் விசயத்தைச் சொல்லி மீனை எடுத்துப்போகச் சொல்லேன் என்றேன். "முடியட்டும் அத்தான்" என்றான். மனைவியின் தம்பி என்பதை அந்த ஒரு சொல்லில் நிரூபித்தான்.

வழி கண்டுபிடித்தது அந்தோனியண்ணை. பத்து மணிக்கு மேலே வந்தவர், தொட்டியைப் பார்த்தார், குசினிக்குப் போய்ச் சட்டி ஒன்றை எடுத்து வந்தார். தொட்டித் தண்ணியை அள்ளி, கையைத் தலைக்குமேல் உயர்த்தி, தேத்தண்ணி ஆத்துவதுபோல நீளமாகத் திரும்ப ஊற்றினார். நுரை பொங்கியது. மேலே வந்து வாய் பிளந்து நின்ற மீன்கள் அந்த நுரைக்குக் கீழே போய்க் கூடின. "காத்து உள்ளை போகோணும், அவ்வளவுதானே. ஆத்துவம்" என்றார். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் ஒருவருக்கும் தாங்கள் மீன் வளர்ப்பில் இவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரியாது.

பதினொன்றுக்குக் கதவு தட்டப்பட்டபோது அந்தோனியண்ணை சீலைக்குப் பின்னால் ஆத்திக்கொண்டிருந்தார். நிறுத்தினால் மீன் மேலே வரும். குளியலறைக் கதவைச் சாத்தினோம்.

உத்தியோகத்தர் குண்டானவர், சாந்தமானவர். அளவு நாடா போட்டு அறையை அளந்தார். யன்னல் சீலையைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். குக்கரைப் பார்த்தார், திறக்கவில்லை. பிறகு குளியலறையைக் காட்டச் சொன்னார். சிநேகிதர் ஒருவர் குளிக்கிறார் என்றான் தவம். கதவுக்குப் பின்னால் சளசளவென்று தண்ணி விழுந்துகொண்டிருந்தது. குளிப்பதை நிச்சயப்படுத்துவதற்காக அந்தோனியண்ணை மாதா பாட்டு ஒன்றும் படிக்கத் தொடங்கினார்.

உத்தியோகத்தர் கதிரையில் இருந்து காத்திருந்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். பலெர்மோவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி வரும், கூரையில் தண்ணித் தாங்கி வைத்துச் சேர்த்துத்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் அரை மணித்தியாலம் குளிக்கிற ஒருவரைப் பற்றி அவர் முகத்தில் ஒரு பொறாமை வந்தது. தவம் பதற்றத்தில் தேத்தண்ணி ஊற்றினான். கை பழக்கத்தில், இரண்டு பேணிக்கும் இடையில் முழ நீளத்துக்கு ஆத்தினான். உத்தியோகத்தர் அந்த நீளத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு குளியலறைப் பக்கம் தலையைத் திருப்பி, அந்தச் சத்தத்தையும் கேட்டார்.

"அங்கேயும் தேநீரா?" என்று கேட்டார்.

எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, என் சீலையை விலக்கினார். அந்தோனியண்ணை காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சட்டியோடு நின்றார். காலை வணக்கம் சொன்னார், ஆத்துவதை நிறுத்தவில்லை. தொட்டிக்கு மேலே உத்தியோகத்தரின் பெரிய நிழல் விழுந்தது. ஏழு ட்ரவுட்டும் அந்த நிழலுக்குள் வந்து வாயைத் திறந்தன.

உத்தியோகத்தர் ஒவ்வொன்றாக எண்ணினார். மீன் யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்றான் தவம். உத்தியோகத்தர் தன் தாளைப் பார்த்து, பேனையை மூடினார். இது மனிதர் குளிக்கிற இடம், ஏழு மீனோடு ஒரு பெண் குளிக்கலாம் என்று தன்னால் எழுதமுடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. திங்கள் ஒன்பது மணிக்குத் திரும்ப வருவேன், தொட்டி தொட்டியாக இருந்தால் எழுதுவேன், இல்லாவிட்டால் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், அதற்கு மாதக்கணக்காகும் என்றார். படியில் பாதி இறங்கியவர் நின்று, எதற்கு இந்த மீன் என்று கேட்டார். லெச்சாவுக்கு என்றேன். இரண்டு படி திரும்ப ஏறி வந்தார்.

"ட்ரவுட்டா? கடலிலா?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் கோயிலுக்குள் சப்பாத்தோடு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

*

சனி காலை கடலுக்குப் போய் மீனையெல்லாம் செலவழித்துவிட்டால் ஞாயிறு முழுக்கத் தொட்டி கழுவலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். விடிய எழும்பி யன்னலைத் திறந்தால் வெக்கை அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து வருகிற காற்றாம். வானம் மண்ணிறமாக இருந்தது. கொடியில் கிடந்த சீலை எல்லாம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகப் பார்த்தன. டொட்டோரே வந்தார். கடல் சரியில்லை, அடுத்த சனிக்கிழமை பார்ப்போம், அதுவரை நிபுணர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வெக்கையில் இரண்டு மீன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தன. மிச்சம் ஐந்தையும் நாங்கள் மூன்று பேரும் முறை வைத்து ஆத்திக்கொண்டிருந்தோம். அவர் அதைக் கண்டு மெய்மறந்து நின்றார். இதுவும் நோர்வே முறையா என்று கேட்டார். தவம் ஓம் என்றான்.

பிறகு தவம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என் மனைவியிடமிருந்து கடன் வாங்கியிருக்கவேண்டும். நான் தொண்டையைச் செருமினேன். பன்னிரண்டு வருசப் பெட்டி அடுக்கிய அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு பொய் சொன்னேன். தொட்டியில் மூன்று நாளுக்கு மேல் வைத்த ட்ரவுட் சோம்பேறியாகிவிடும், லெச்சா அதைத் திரும்பியும் பாராது, நோர்வேயில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டொட்டோரே யோசித்தார். தன் மருமக்களில் சிலருக்கும் அது பொருந்தும் என்றார். காற்று விழுந்தால் நாளைக்கே போவோம் என்றார்.

பின்னேரம் காற்று விழுந்தது. நான் நேர்த்தி வைக்காத கடவுள் இல்லை. சிசிலிக்காரரின் புனிதர்களுக்கும் அந்தோனியண்ணையிடம் பெயர் கேட்டு வைத்திருந்தேன்.

*

ஞாயிறு காலை ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடல் எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தது. டொட்டோரேயின் வள்ளம் சின்னது. அந்தோனியண்ணை ஏறியதும் ஒருவரும் கேட்காமலே துடுப்பு அவர் கைக்குப் போனது. பாறை முனைக்கு அப்பால் நிறுத்தினோம். டொட்டோரே தூண்டிலை என்னிடம் நீட்டி, மீனைக் கொளுவும் மரியாதை நிபுணருக்குத்தான் என்றார்.

பீப்பாவுக்குள் கையை விட்டேன். ஒரு ட்ரவுட் தானாகவே கைக்குள் வந்தது. மூன்று நாளாக நான் சோறு போட்ட மீன் அது. தூக்கி, முதல் தடவையாக ஒரு மீனின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. நான் கையைத் தளர்த்தினேனா, அது வழுக்கியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடலில் விழுந்தது.

"தாருங்கோ இஞ்சை" என்று அந்தோனியண்ணை தூண்டிலை வாங்கினார். இரண்டாவது மீனின் முதுகுச் செட்டைக்கு முன்னால் தோலை மட்டும் பிடித்து நொடியில் கொளுவிக் கடலில் விட்டார். அது ஒரு ஆறடி தூரம் போனது. திரும்பி வந்தது. வள்ளத்துக்குப் பக்கத்தில், சரியாக என் நிழலுக்குள் வந்து நின்று வாயைத் திறந்தது. டொட்டோரே நூலை இளக்கினார். அது அசையவில்லை. நான் மற்றப் பக்கம் போய் இருந்தேன். அது வள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அங்கேயும் வந்தது.

கடைசியில் என்னை வள்ளத்தின் அடியில் படுக்கவைத்துப் படங்கால் மூடினார்கள். நோர்வே நிபுணர் தொழில் செய்கிற முறை இதுதான். மீன் மணமும் பெற்றோல் மணமும் கலந்த இருட்டுக்குள்ளிருந்து நான் கேட்டது மட்டும் சொல்கிறேன். முதலில் அமைதி. பிறகு யாரோ கடலைக் கன்னத்தில் அறைந்ததுபோல ஒரு சத்தம். டொட்டோரே மாதாவைக் கூப்பிட்டார். லெச்சா மீனை மட்டும் உருவிக்கொண்டு வெறுந்தூண்டிலை விட்டுப் போயிருந்தது. மூன்றாவது மீனைக் கொளுவினார்கள். இந்தத் தரம் நூல் விசிலடித்துக்கொண்டு ஓடியது. படங்கை விலக்கிக்கொண்டு எழும்பிப் பார்த்தேன். தண்ணிக்குக் கீழே வெள்ளித் தட்டம் மாதிரி ஒன்று பக்கவாட்டில் திரும்பியது. அந்தோனியண்ணை வள்ளத்தை அதன் பின்னால் விட்டார். கால் மணித்தியாலம் டொட்டோரே இழுத்தார், விட்டார், இழுத்தார். பாறையடியில் நூல் அறுந்தது.

டொட்டோரே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கவலைப்படுவார் என்று பார்த்தேன். முகம் முழுக்கச் சிரிப்பு. "தின்றது. பார்த்தீர்களா, தின்றது" என்றார். பீப்பாவை எட்டிப் பார்த்தார். இரண்டு ட்ரவுட் மிச்சம். இவை இரண்டையும் தொட்டியில் வைத்திருப்போம், அடுத்த சனிக்கிழமை திரும்ப வருவோம் என்றார்.

நான் தவத்தைப் பார்த்தேன். என்னிடம் வேறு பொய் இல்லை. அவன் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இத்தாலியில் கதைத்தான். எனக்கு விளங்கிய சொற்கள் மூன்றுதான்: மாலதி, வீடு, திங்கள். அது போதுமாக இருந்தது. ஆறு வருசம் அவர் வீட்டில் வேலை செய்கிறவன் அவரிடம் இவ்வளவு நீளமாகக் கதைத்தது இதுதான் முதல் தரம் என்று பிறகு சொன்னான்.

டொட்டோரே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரேயொரு கேள்வி கேட்டார்: ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை?

"சொன்னால் நடக்காமல் போயிடும் எண்டு பயம்" என்றான் தவம். எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, முதலில் தமிழில் சொல்லிவிட்டு அதன் பிறகுதான் இத்தாலியில் சொன்னான்.

சிரிப்பார், அல்லது கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து நங்கூரத்தின் இரும்பைத் தொட்டார். கண்ணூறுக்கு இத்தாலிக்காரர் இரும்பைத் தொடுவார்களாம். பிறகு, இரண்டு வருசமாகத் தன் மனைவிக்கு இந்த மீனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றார். அதே காரணம்தான்.

பீப்பாவைத் தூக்கித் தானே கடலில் கவிழ்த்தார். இரண்டு ட்ரவுட்டும் வள்ளத்தின் நிழலுக்குள் கொஞ்ச நேரம் நின்றன. அந்தோனியண்ணை துடுப்பால் தண்ணியை அடித்து விரட்டினார். "போங்கோ, போய்ப் பயப்பிடப் பழகுங்கோ" என்றார்.

*

அன்று மிச்சப் பொழுதெல்லாம் தொட்டி தேய்த்தோம். திங்கள் ஒன்பது மணிக்கு உத்தியோகத்தர் வந்தார். வீட்டுச் சொந்தக்காரர் என்ற முறையில் டொட்டோரேயும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். உத்தியோகத்தர் சீலையை விலக்கினார். தொட்டி வெள்ளையாகப் பளபளத்தது. குனிந்து குழாயைத் திருகினார்.

குழாய் இருமியது. இரண்டு துளி விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

நாலு நாள் ஐஸ் உருக உருகத் தண்ணி மாற்றி, ஒரு நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவி, கூரைத் தாங்கியைக் கடைசித் துளிவரை முடித்திருந்தோம். தவத்தின் முகம் சாம்பலாகியது. மாலதி மட்டும் அந்த நேரம் வெள்ளவத்தையில் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்திருப்பாள். ரகசியத்தின் ஒரே பலன் அதுதான்.

உத்தியோகத்தர் குழாயைத் திரும்ப மூடினார். "எங்கள் வீட்டிலும் இன்றைக்குத் தண்ணி நாள் இல்லை" என்றார். பேனையைத் திறந்து எழுதினார்: குளியலறை ஒன்று, தொட்டியுடன். முத்திரை குத்தினார். எழும்பும்போது டொட்டோரேயின் பக்கம் சாய்ந்து, லெச்சா அகப்பட்டதா என்று மெல்லக் கேட்டார்.

"எந்த லெச்சா?" என்றார் டொட்டோரே. "நான் மீன் பிடிப்பதில்லை."

*

மார்கழியில் ஒருநாள் தவம் நோர்வேக்கு ரெலிபோன் எடுத்தான். மாலதி வந்து இரண்டு மாதமாகிவிட்டதாம். வந்து சேர்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். டொட்டோரேயின் மீன் எங்கே என்று கேட்டேன். இப்போது அவர் தன் வீட்டிலேயே வைக்கிறாராம், சினியோராவிடம் சொல்லிவிட்டாராம், அவள் ஆத்தப் பழகிவிட்டாளாம். கதை முடிகிற இடத்தில் தவம் இழுத்தான்.

"இன்னொரு விசயம் இருக்கு அத்தான். முடியட்டும், சொல்லுறன்."

முடிய எத்தனை மாதம் செல்லும் என்று கேட்டேன். அவனுக்குப் பின்னால் மாலதி சிரிப்பது கேட்டது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவனுடைய தமக்கையோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆடிமாதம்வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தலையில்லாத மீன்களைப் பெட்டியில் அடுக்கும்போது அவைகளுக்கு மட்டும் சொன்னேன், அவை வெளியே சொல்லா. இப்போது இதை எழுதுகிறேன் என்றால் காரியம் நல்லபடி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு இறாத்தல் நிறையாம். அந்தத் தொட்டியில்தான் குளிப்பாட்டுகிறார்களாம். குனிந்து பார்க்கிறவரின் நிழல் விழுந்தால், வாயைத் திறக்கிறாளாம்.